சூளைக்குள்ளிருந்து தட்டும் சத்தம்

பழமலை அண்ணனை நான் முதன்முதலில் பார்த்த அன்றைக்கு, அவர் சூளை வாசலில் நின்றுகொண்டு, செத்துப்போன ஒருவரை வெளியே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நல்ல உச்சி வெயில். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அது ஒரு நடுத்தரமான கம்பெனி. பொம்மை, அகல் விளக்கு, பீங்கான் ஃபியூஸ் கட்டை எல்லாம் செய்கிறார்கள். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஆஸ்பத்திரி மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. பேட்டையில் வேலை செய்கிறவர்கள் பகலில் வீட்டில் அகப்பட மாட்டார்கள். அதனால் மாதம் இரண்டு முறை நானே மெஷினைத் தூக்கிக்கொண்டு கம்பெனிகளுக்குள் நுழைந்துவிடுவேன். அன்றைக்கு ஆபீஸ் அறையில் ஆளில்லை. கொட்டகையில் இன்னும் கண் எழுதாத பொம்மைகள் வரிசையாக நின்றன. அத்தனையும் வெள்ளை, அத்தனையும் குருடு. அவற்றைத் தாண்டிப் போனால் பெரிய வட்டச் சூளை. ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத்தான் வாசல். உள்ளே கன்னங்கரேலென்று இருட்டு.

அந்த இருட்டைப் பார்த்துத்தான் அவர் நின்றிருந்தார். தலையையும் காதையும் சேர்த்து இறுக்கித் துண்டு கட்டியிருந்தார். புருவம் வரைக்கும் வெள்ளை மண்.

“நடராசா, வெளிய வா.”

உள்ளே சத்தமில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு செங்கல்லை எடுத்து வாசலை அடைக்க ஆரம்பித்தார். எனக்குப் பதறிப்போயிற்று.

“அண்ணே, உள்ள ஆளு இருக்குது போலருக்கே!”

“இல்லம்மா,” என்றார், திரும்பிப் பார்க்காமல். “அவன் செத்து மூணு வருசம் ஆவுது.”

கல்லுக்கு மேல் கல் வைத்து, சந்தில் களிமண் பூசி, வாசல் இருந்த இடமே தெரியாமல் ஆக்கிவிட்டார். பொம்மைகளுக்குக் கை ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சூளை அடைக்கிற ஒவ்வொரு முறையும் இது நடக்குமாம். எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. ஆனாலும் வந்த வேலையை முடிக்காமல் திரும்புகிற ஆள் நான் இல்லை. கை கழுவிவிட்டு வந்து உட்காருங்கள் என்றேன்.

பழமலைக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. சொந்த ஊர் நல்லூர் பக்கம். அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டு, மழையைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர். பத்தொன்பது வயதில் பேட்டைக்கு மண் சுமக்க வந்த பழமலை, நான்கைந்து வருடத்தில் சூளைக்காரர் ஆகிவிட்டார். சூளைச் சுவரில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் கண்ணை வைத்து நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்வார். மீட்டர் ஆயிரத்து இருநூறு காட்டும்போது “இன்னும் இருவது கொறையுது” என்பார். மீட்டர்தான் தப்பு என்று சரக்கு வெளியே வந்தபிறகு தெரியும். இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இருக்க வேண்டியதுதான். மனைவி அமிர்தம். ஒரே மகள் வெண்பாவை வேப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

சூளைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேர்வையில் போகிற உப்பை வயிற்றில் போட்டு ஈடுகட்ட வேண்டும் என்று, மத்தியானக் கஞ்சியில் ஒரு கை கல்லுப்பு போட்டுக் கரைத்துக் குடிப்பார்கள். தொட்டுக்கொள்ளக் கருவாடு. பழமலை முப்பது வருடமாக ஒரு நாள் தவறவிட்டதில்லை. தன் உடம்பு கல்லாக இருப்பதற்கு அந்த உப்புதான் காரணம் என்று நம்பியிருந்தார்.

கையில் பட்டையைச் சுற்றி மெஷினை அழுத்தினேன். இருநூற்றுப் பதினான்கு, கீழே நூற்று இருபத்தாறு. ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். இருநூற்றுப் பத்து. மூன்றாவது தடவையும் அதே பக்கம்தான் நின்றது.

“ஒன் மீட்டரு தப்பும்மா,” என்று சிரித்தார். “என் சூடு எனுக்குத் தெரியாதா?”

இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சண்டை போடாத குறையாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். போகவில்லை. அமிர்தம் அக்காவுக்குப் போன் போட்டும் சொன்னேன். அவர் தலையாட்டலும் எனக்குப் போனிலேயே கேட்டது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது சூளை ஆறிக்கொண்டிருந்தது. எரிந்து முடித்தபின் இரண்டு மூன்று நாள் மூடியே வைத்திருப்பார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த காற்றுப் பட்டு சரக்கெல்லாம் வெடித்துவிடும். எண்ணெய் பர்னர் ஓயாமல் இரைகிற இடம் அது. அந்த இரைச்சல் நின்றபிறகு வருகிற அமைதி, காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். சூளைக்குள்ளிருந்து மட்டும் எப்போதாவது ஒரு ‘ணிங்’ கேட்கும். பீங்கானின் மேல்பூச்சு ஆறும்போது இழுபட்டு விரிசல் விடும் சத்தம் அது. ஒரு ணிங். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வேறெங்கோ இன்னொரு ணிங்.

பழமலை அண்ணன் அடைத்த வாசலில் முதுகைச் சாய்த்து, துண்டைக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார்.

“கேக்குதா?”

“ணிங்குனு கேக்குது.”

“அது பொம்ம. அத கேக்கல. தட்டுறான் பாரு. உள்ளேர்ந்து.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நாளாகத் தட்டுகிறானா என்று கேட்டேன். எட்டு மாசமா, என்றார். பர்னர் நின்றால்தான் கேட்குமாம். இப்போதெல்லாம் வீட்டில் படுத்தால்கூடக் கேட்கிறதாம். அமிர்தத்திடம் சொன்னால் பயப்படுவாள் என்று சொல்லவில்லையாம். அவர் முகத்தில் பயமே இல்லை. விருந்தாளி வந்திருப்பதைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

யார் நடராசன் என்று அப்போதுதான் கேட்டேன். கருவேப்பிலங்குறிச்சிக்காரர், பழமலையின் ஜோடி. சூளைக்குள் நுழைந்து சரக்கை அடுக்குவது நடராசன், வாசலை அடைத்து எரிப்பது பழமலை. இருபத்தாறு வருடம் அப்படித்தான் ஓடியது. ஒரு நாள் அடுக்கப் போன நடராசன் உள்ளேயே மயங்கிவிட்டார். வாசலை அடைக்க வந்த பழமலை எட்டிப் பார்த்தால், அடுக்கிய சரக்கின்மேல் சாய்ந்து, வாய் ஒரு பக்கம் கோணி, கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. மூன்றாம் நாள் உயிர் போயிற்று. பிரஷர் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை, அந்த மனிதர் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொண்டதில்லை.

பேசிக்கொண்டே பழமலை அண்ணனின் வலது மணிக்கட்டில் நாடியைப் பிடித்தேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. “எப்பிடித் தட்டுறாரு? தட்டிக் காட்டுங்க,” என்றேன்.

கவிழ்த்துப் போட்டிருந்த மண் தொட்டியில் இடது கை விரலால் தட்டினார். டப். டப். டப். என் விரலுக்கு அடியில் அவர் நாடியும் அதே நேரத்தில் அடித்தது. தற்செயல் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் நாடி ஒரு துடிப்பைத் தவறவிட்டு, ஒரு கணம் நின்று, மறுபடி அடித்தது. தொட்டியில் தட்டிய விரலும் அதே இடத்தில் நின்று, மறுபடி தட்டியது.

வெளியே வெயில் கொளுத்துகிறது, பக்கத்துக் கொட்டகையில் ரேடியோ பாடுகிறது, நான் ஓர் ஆளின் ரத்தம் அவரிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

“துண்ட அவுருங்கண்ணே.”

அவிழ்த்தார். “இப்ப தூரமா பூட்டான்,” என்றார்.

“அண்ணே, அது யாரும் இல்ல. ஒங்க நாடிதான் ஒங்க காதுல கேக்குது. பிரஷரு அவ்ளோ வேகமா முட்டுது. துண்ட வேற இறுக்கிக் கட்டுறீங்க.”

என்னைப் பாவமாகப் பார்த்தார். கேட்காத காதுக்கு எப்படிப் புரியும் என்கிற பார்வை. அன்று சாயங்காலமே நான் வீட்டுக்குப் போய் அமிர்தம் அக்காவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். மறுநாள் காலையில் அவர் புருஷனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உள்ளே ரத்தக் கசிவுப் புள்ளிகள் இருந்தன. சிறுநீரில் புரதம் போனது. இதயத்தின் சுவர் தடித்திருந்தது. கண், கிட்னி, இதயம் மூன்றிலும் கை வைத்துவிட்டு, அந்த நோய் இத்தனை வருடம் ஒரு தலைவலிகூடத் தராமல் அவரோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பயம். தேள் கொட்டினால் கடுக்கும், காய்ச்சல் வந்தால் சுடும். இது ஒன்றும் செய்யாது. பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தட்டல்கூடக் கேட்காது.

இரண்டு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், கருவாட்டை நிறுத்தச் சொன்னார்கள். அமிர்தம் அக்கா உப்பு ஜாடியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். அண்ணன் கஞ்சியை மருந்து மாதிரி முகத்தைச் சுளித்துக் குடித்தார். ஆறு வாரத்தில் நூற்று நாற்பதுக்கு வந்தது. பத்தாவது வாரம் நூற்று முப்பத்து நான்கு, கீழே எண்பத்து நான்கு. என் நோட்டில் அந்த எண்ணை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

அவருக்கு இல்லை. ஆள் வாடிப்போயிருந்தார். சூளை ஆறும் நாளில் வாசலில் சாய்ந்து உட்கார்வார், எழுந்து கொட்டகைக்குப் போவார், திரும்பி வந்து உட்கார்வார். வேறொரு பக்கத்தில் காதை வைப்பார்.

“என்னாண்ணே?”

“சத்தத்தக் காணம்.”

“நல்லதுதான?”

துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினார். எனக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை. வேறு கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அதற்காக என்னை நான் பலமுறை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் பார்த்தால் நூற்று எண்பத்தெட்டு. மாத்திரை போடுகிறீர்களா என்றால் ஆமாம் என்கிறார். முகம் என்னவோ தெளிவாக, சந்தோஷமாக இருக்கிறது. நான் நம்பவில்லை. டிபன் பாக்ஸைத் திறங்கள் என்றேன். அடித்தட்டில் மாத்திரை அட்டைகள் ஒன்றுகூடக் கிழியாமல் இருந்தன.

“ஆயிரத்து எரநூறு வந்துட்டா எண்ணைய நிறுத்திடுவோம்ல? பிரஷரு எறங்கிடுச்சி. அப்பறம் எதுக்கு மாத்திர?” என்றார்.

சூளைக்காரர் மூளை எப்படி ஓடும் என்று எனக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. “மாத்திர எண்ண இல்லண்ணே. அது பொக போற வழியில இருக்குற தகடு. உள்ள நெருப்பு எரிஞ்சிக்கினேதான் இருக்கும், ஆயுசுக்கும். தகடுதான் அத அடக்கி வச்சிருக்குது. தகட்ட உருவிட்டா என்னா ஆவும்?”

“மேல ஏறும்,” என்றார், சரியாகவே.

“தெரியுதுல்ல? போடுங்க.”

போடுகிறேன் என்று சத்தியம் செய்தார். அது பொய் என்று மூன்றாவது வாரம் தெரிந்தது.

அன்றைக்கு நான் போனபோது மணி பன்னிரண்டே கால். சூளை எரிந்து முடித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. சுவருக்குப் பக்கத்தில் நிற்க முடியாத சூடு. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். காலையில்தான் கண் எழுதி முடித்த பொம்மைகள் ஈரம் காயக் கொட்டகையில் நின்றன. அவை அத்தனையும் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பழமலை அண்ணன் தலைத்துண்டோடு அடைத்த வாசலுக்கு முன்னால் நின்று, கொத்துக் கரண்டியால் மண்பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே! என்னா பண்றீங்க?”

“வேகமா தட்டுறான்மா. இன்னிக்கி ரொம்ப வேகமா தட்டுறான்.”

நான் ஓடுவதற்குள் மேல் செங்கல்லைப் பெயர்த்துவிட்டார். உள்ளேயிருந்து அனல் மூச்சு குப்பென்று முகத்தில் அடித்தது. அதைத் தொடர்ந்து சூளைக்குள் ணிங், ணிங், ணிங் என்று நூறு இடத்தில் ஒரே நேரத்தில் விரிசல் விட்டது. அண்ணன் அந்த இருட்டு ஓட்டைக்கு நேராக முகத்தை நீட்டி, “நடராசா” என்றார். இல்லை, சொல்ல வந்தார். வந்த சத்தம் “நழ… ழா…” என்று குழைந்தது. வலது கையிலிருந்த செங்கல் அவர் காலடியிலேயே விழுந்தது. கை தொங்கிப் போயிற்று. வாய் ஒரு பக்கம் இழுத்தது.

நான் போட்ட கூச்சலில் பெண்கள் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் தண்ணீர் ஊற்ற வந்தவளைத் தடுத்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டு, நூற்றெட்டைக் கூப்பிட்டேன். பக்கவாதம் வந்தால் நேரம்தான் எல்லாம். சீக்கிரம் கொண்டுபோனால் ஆளை மீட்கலாம். ஆம்புலன்ஸ் ஜங்ஷன் பக்கம் போகும்போதே அவர் விரல்கள் அசைந்தன. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் வைக்கும்போது “தண்ணி” என்று தெளிவாகச் சொன்னார். மொத்தம் இருபது நிமிடம். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நான் அப்படி அழுதேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். அடைப்பு வந்து தானாக விலகியிருக்கிறது என்றார் டாக்டர். இந்தத் தடவை திரும்பி வந்துவிட்டார், அடுத்த தடவையும் வருவார் என்று சொல்ல முடியாது, மாத்திரையை நிறுத்தினால் அந்த அடுத்த தடவை ரொம்பத் தூரத்தில் இல்லை என்று அமிர்தம் அக்காவிடம் சொன்னார். அக்கா மாத்திரைச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் வார்டில் அண்ணன் தனியாக இருந்தார். அக்கா சாப்பாடு எடுத்துவரப் போயிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஏண்ணே இப்பிடிப் பண்ணீங்க?” கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சொன்னார். “அன்னிக்கி அவன் அடுக்கிட்டு இருந்தான். நான் கம்பெனி கேட்டாண்ட ஒக்காந்து டீ குடிச்சேன். பேச்சு வளந்துடுச்சி. ஒரு மணி நேரம். ஒன்றர மணி நேரம்கூட இருக்கும். உள்ள சத்தமே இல்லியே, என்னான்னு பாப்போம்னு தோணல எனுக்கு. ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரு சொன்னாரு. ஒரு தட்டு தட்டியிருந்தா நான் ஓடியிருப்பன்மா.”

நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

“அப்பறம் தட்டுனான். சரி, இப்பவாவது கூப்புடுறானேன்னு இருந்துது. ஒன் மாத்திரயப் போட்டதும் நின்னுடுச்சி. சூளைக்குள்ள தட்டிக்கினு இருந்த ஆளு திடீர்னு தட்டறத நிறுத்துனா என்னா அர்த்தம், சொல்லு. நான் அவன ரெண்டாவது தடவ சாவடிச்ச மாதிரி இருந்துது.”

அப்புறம் என் பக்கம் திரும்பினார். “அப்ப அவன் தட்டவே இல்லியா?”

என்ன சொல்வது? ஆமாம், தட்டினார் என்று சொன்னால் இந்த மனிதர் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவார். இல்லை என்று சொன்னால், இத்தனை மாதமாக அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கையை நான் வெட்டிவிடுகிறேன். என் வேலையில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை.

“இல்லண்ணே,” என்றேன். “அவரு தட்டல. அன்னிக்கும் தட்டல, அப்பறமும் தட்டல. அது நீங்கதான்.”

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அமிர்தம் அக்கா வந்து மாத்திரையை நீட்டியபோது, அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயில் போட்டு விழுங்கினார். விழுங்கியபின் அவர் அழுத அழுகையை நான் ஒரு சாவு வீட்டில்தான் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், கருவேப்பிலங்குறிச்சிக்குத் தன்னோடு வரமுடியுமா என்று கேட்டார். நடராசனின் மனைவி பாஞ்சாலையைப் பார்க்க வேண்டுமாம். மூன்று வருடமாக அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டக்டரிடம் ஊர் பெயர் சொல்லக்கூட நான்தான் வேண்டியிருந்தது.

பாஞ்சாலை வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தார். “வாங்கண்ணே,” என்று எழுந்து, பாயை உதறிப் போட்டார். அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே, டீ குடித்ததையும் ஒன்றரை மணி நேரத்தையும் சொல்லி முடித்தார். “அவன் என்னக் கூப்புடல பாஞ்சால. கூப்புட்டான்னு நெனச்சிக்கினு இருந்தன். கூப்புடல. நானா போயி பாத்திருக்கணும்.”

பாஞ்சாலை உளுந்தை ஒரு கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். நான் சண்டையை எதிர்பார்த்தேன். வெயில் அந்தத் தெருவில் அசையாமல் நின்றது.

“அவரு கூப்புடற ஆளே இல்லண்ணே,” என்றார் கடைசியில். “இருவத்தஞ்சு வருசத்துல எனுக்கு இது செய்யிது, அது செய்யிதுன்னு ஒரு நாளு சொன்னதில்ல. அன்னிக்கிக் காலையிலதான் தல வலிக்கிதுன்னாரு. நாந்தான், வேலைக்குப் போங்க, ஒரு டீ குடிச்சா சரியாப் பூடும்னேன்.”

அண்ணன் பாயில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரே மனிதரின் சாவை இரண்டு பேர் இரண்டு ஊரில் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள், மற்றவருக்குத் தெரியாமல். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. கையைச் சும்மா வைத்திருக்கவும் தெரியவில்லை. பையைத் திறந்து மெஷினை எடுத்தேன்.

“கைய நீட்டுங்கக்கா.”

“எனுக்கு எதுக்கு?” என்றாலும் நீட்டினார். நூற்றெழுபத்தெட்டு. கீழே நூற்று நான்கு. அண்ணன் எட்டி அந்த எண்ணைப் பார்த்தார். இந்தத் தடவை மீட்டர் தப்பு என்று சொல்லவில்லை.

“எனுக்கு ஒண்ணும் செய்யலியே,” என்றார் பாஞ்சாலை.

“செய்யாது பாஞ்சால,” என்றார் பழமலை அண்ணன். “காலைல மொத பஸ்ஸுக்கு வரன். பெரியாஸ்பத்திரிக்கு நான் கூட்டிக்கினு போறன்.”